வடலூர் அடுப்பும் ஆறாம் திருமுறையும்: வள்ளலாரில் எந்தப் பாதியை நாம் எடுத்துக்கொண்டோம்?

தென்னாற்காட்டான்

சென்ற அக்டோபர் 5 அன்று எங்கள் ஊர் வாசகசாலையில் வள்ளலார் பிறந்தநாள் கூட்டம் நடந்தது. மூவர் பேசினார்கள். முதலில் பேசியவர் கந்தகோட்டத்தில் 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்' என்று உருகிய முருகனடியாரைப் பற்றிப் பேசினார். அடுத்தவர், சாதியையும் சாத்திரத்தையும் மண்மூடிப் போகச் சொன்ன கலகக்காரரைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர், மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்து ஒளியுடம்பாகக் கரைந்த சித்தரைப் பற்றிப் பேசினார். ஒரே மேடையில் மூன்று வேறு மனிதர்களுக்கு மாலை போட்டது போலிருந்தது. அந்த மனக்குறையே இந்த இழைக்குக் காரணம்.

வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், விவாதத்துக்குத் தேவையான அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையாக இராமலிங்கம் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் தமையன் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். தமையனுக்குப் பதிலாகப் பெரியபுராணச் சொற்பொழிவுக்குப் போய்ப் பெயர் பெற்றார். திருவொற்றியூருக்கு நடையாய் நடந்தார். 1858 வாக்கில் சென்னையை விட்டுத் தெற்கே வந்து, கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். இதுவரை உள்ள வாழ்க்கை, தமிழ்நாட்டின் பழைய அடியார் வரலாறுகளோடு எளிதாகப் பொருந்திவிடுகிறது.

பொருந்தாதவையெல்லாம் கடைசி ஒன்பது ஆண்டுகளில் நடந்தவை. 1865-இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்க்குச் சோறிடும் சத்திய தருமசாலை, 1872 சனவரியில் சோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை, 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருபதேசம், 1874 சனவரி 30 அன்று தாழிட்ட கதவு. அந்தப் பேருபதேசத்தில் அவரே, தாம் முன்பு சைவ சமயத்தில் வைத்திருந்த பற்றுக்கு அளவில்லை என்றும், அதற்குத் தாம் பாடிய தோத்திரங்களே சாட்சி என்றும், அப்போது தமக்கு அற்ப அறிவாக இருந்தது என்றும் சொல்கிறார். தம்முடைய பழைய பாட்டுகளைத் தாமே இப்படித் தள்ளிவைத்த இன்னோர் அடியாரை நான் படித்ததில்லை.

ஆகவே என் கேள்வி இது. எந்தப் பாட்டுகளை அவர் தாண்டிவந்ததாகச் சொன்னாரோ அவற்றையே நாம் பாடிக்கொண்டிருக்கிறோம். எதை நம்பச் சொன்னாரோ அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அப்படியானால் அவருடைய செல்வாக்கு என்று நாம் சொல்வது எது?

ஏழுகிணறு

நண்பர் கோட்டை மிகவும் அழுத்தமாகப் போட்டுவிட்டார். முன்பாதி, பின்பாதி என்று வாழையிலையைக் கிழிப்பதுபோல் ஒரு மனிதரைக் கிழிக்க முடியாது. வடலூரை அவர் உத்தரஞான சிதம்பரம் என்று அழைத்ததை எண்ணிப் பாருங்கள். சிதம்பரத்தை முற்றிலும் உதறியவர் அந்தப் பெயரையே ஏன் கொண்டுவர வேண்டும்?

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் காண்பது வெளி. வடலூர் ஞானசபையில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகளையும் விலக்கினால் காண்பது ஒரு விளக்கு. பழைய சபையின் இலக்கணத்தை உள்வாங்கிய ஒருவர்தான் இந்தப் புதிய சபையைக் கட்டியிருக்க முடியும். சோதி என்ற சொல்லும் மாணிக்கவாசகரிடமிருந்து வந்ததே. பழைய பாட்டைப் பாடுகிறவர்களை நீங்கள் குறைசொல்ல வேண்டியதில்லை.

தென்னாற்காட்டான்

திரை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அருட்பெருஞ்ஜோதி அகவலில் 'சாதியும் மதமும் சமயமும் பொய்யென ஆதியில் உணர்த்திய அருட்பெருஞ்ஜோதி' என்று எழுதியவரையும், நால்வர் பெயரைச் சொல்லி நெகிழ்ந்தவரையும் ஒரே நூலில் கோத்துவிட்டு, நடுவில் முடிச்சே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நல்லூர்வாசி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே வள்ளலார் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அருட்பா வழக்குத்தான். எங்கள் வீட்டில் ஆறுமுக நாவலரின் படத்துக்குப் பூ வைப்பார்கள். ஆகவே அருட்பாவைப் பல காலம் தொடாமலே வளர்ந்தேன். பிறகு வாசித்தபோதுதான், இரு தரப்பாரும் சொல்லித்தந்த கதை எவ்வளவு சுருங்கியது என்று விளங்கிற்று.

1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, முதல் நான்கை மட்டும் அச்சிட்டார். திருவருட்பா என்று நூலுக்கும், திருவருட்பிரகாச வள்ளலார் என்று ஆசிரியருக்கும் பெயர் சூட்டியதும் அவரே. நாவலர் தரப்பின் சினம் முதன்மையாக அந்தப் பெயர்களின் மேல் எழுந்தது. தேவாரம் முதலியவற்றுக்கே உரிய 'அருட்பா', 'திருமுறை' என்னும் சொற்களை, உயிரோடிருக்கும் ஒருவரின் பாடலுக்கு இடலாமா என்பதே கேள்வி. 1869-இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். அவர் உள்ளே நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்றும், அதனால் வழக்கு முடிந்தது என்றும் தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் சொல்வார்கள். நல்ல கதை, ஆனால் நீதிமன்றங்கள் அப்படி வழக்கை முடிப்பதில்லை.

பெயரைப் பொறுத்தவரை இராமலிங்கர் நாவலரோடு பாதி உடன்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில், இராமலிங்கசாமி என்று வழங்குவது 'என் சம்மதமன்று' என்றும், அது 'ஆரவாரத்திற்கு அடுத்த பெயராக' இருக்கிறது என்றும் எழுதுகிறார். சாமி என்பதே ஆரவாரம் என்றவருக்கு வள்ளலார் என்ற பட்டம் எப்படி இருந்திருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1870-களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது, நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். பத்தாண்டுக்கு முன் வடலூரில் இராமலிங்கர் அடுப்பு மூட்டியிருந்தார். சொல்லின் பேரில் நீதிமன்றம் ஏறியவர்கள் இருவரும் பசியின் முன் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் சேர்த்துச் சொன்னதில்லை.

பழம்பதிப்பு

நல்லூர்வாசி ஐயா சொன்ன ஆண்டுகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால், தொடக்கப் பதிவின் கேள்விக்கே ஓரளவு விடை கிடைக்கும். ஐந்தாம் திருமுறை 1880-இல் வந்தது. ஆறாம் திருமுறை 1885-இல்தான் வந்தது. அதை வேலாயுத முதலியார் பதிப்பிக்கவில்லை, வேறு அன்பர்கள் பதிப்பித்தார்கள். அதற்குள் ஆசிரியர் மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன.

இதை இப்படிப் பாருங்கள். 1869-இல் மறுப்பு எழுதியவர்களின் கையில் அச்சாக இருந்தவை முதல் நான்கு திருமுறைகள் மட்டுமே. சமயங்களைப் பொய்யென்று தள்ளும் ஆறாம் திருமுறைப் பாடல்களைத் தொகுப்பாக அவர்கள் கண்டிருக்க முடியாது. சைவ உலகத்தின் மிகப் பெரிய சண்டை, அவருடைய பாடல்களில் சைவத்துக்கு மிக நெருக்கமானவற்றின் மேல்தான் நடந்திருக்கிறது. உண்மையில் சண்டைக்குரிய பகுதி அச்சேறியபோது, சண்டையிட்ட இரு தலைவர்களும் இல்லை. நாவலர் 1879-லேயே மறைந்துவிட்டார். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை பழைய வாதத்தைப் புதுப்பித்தபோது மறைமலையடிகள் எதிர்நின்றார். செய்குத்தம்பிப் பாவலரும் மேடையேறி அருட்பாவின் பக்கம் பேசினார். சைவர்களுக்குள் நடந்த வழக்கில் ஓர் இசுலாமியப் புலவர் வாதாட வந்தார் என்பதே, அந்த நூல் எல்லை தாண்டிவிட்டது என்பதற்குப் போதுமான சான்று.

முதல் நான்கும்கூட எளிதில் அச்சேறிவிடவில்லை. பாட்டுகளைக் கேட்டுக்கேட்டுச் சலித்த இறுக்கம் இரத்தின முதலியார், அவை வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று எழுதிவிட்டார். மற்றவர் பசியைப் பொறுக்காத மனிதரை வழிக்குக் கொண்டுவர இதைவிடச் சரியான வழி இருந்திருக்காது.

ஐயவாதி

எல்லாரும் கதவைச் சுற்றிவந்துவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறீர்கள். மறைவு பற்றிப் பேசாமல் வள்ளலாரின் செல்வாக்கைப் பேச முடியுமா? ஆங்கில ஆட்சிக் காலத்துத் தென்னாற்காடு மாவட்ட அரசு நூலில், அவர் 1874-இல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் தாழிட்டுக்கொண்டார் என்றும், பிறகு காணப்படவில்லை என்றும், அறை இன்னும் பூட்டியே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அரசு அதிகாரி எழுதியது அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லப்படுபவை, கதவைத் திறந்து பார்த்தபோது வெற்றறையாக இருந்தது என்பது உட்பட, அன்பர் மரபில் வழங்குபவை. நான் நம்புவதில்லை, நம்புகிறவர்களைக் கேலி செய்யவும் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபையாருக்கு (தியோசாபிகல் சொசைட்டி) கொடுத்த வாக்குமூலம். நடுத்தர உயரம், எலும்புக்கூடு போன்ற மெலிவு, ஆயினும் நிமிர்ந்த விரைந்த நடை, நேரான மெல்லிய மூக்கு, தீப்போன்ற பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். உடுத்தியது வெள்ளை வேட்டியும் மேலே ஒரு வெள்ளைத் துணியும். ஒளியுடம்பைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தாலும் இந்தச் சில வரிகளில் உள்ள ஆள் கிடைப்பதில்லை. அந்தத் துயரம் எதைப் பற்றியது என்று கேட்டுப் பார்த்தால் சாலைக்கு வந்துவிடலாம். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்பதை நாம் மேற்கோளாக்கிச் சுவரில் எழுதிவிட்டோம். அந்த ஆள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஏழுகிணறு

மரணமிலாப் பெருவாழ்வு என்பதை அவர் உவமையாகச் சொல்லவில்லை, ஐயவாதி அவர்களே. அதை நீக்கிவிட்டால் ஆறாம் திருமுறையில் பாதி பொருளற்றுப் போகும்.

ஐயவாதி

நீக்கச் சொல்லவில்லை. அவர் அதை முழுமனத்தோடு நம்பினார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நடந்ததா என்பதில்தான் ஐயம்.

சாலைப்பணி

பல நாள்களாக இந்தத் தளத்தை வாசிப்பவள். எழுதுவது இதுவே முதல்முறை. எங்கள் வீடு வடலூருக்குப் பக்கத்துச் சிற்றூர். மாதப் பூசத்தன்று தருமசாலையில் காய் நறுக்கவும் பரிமாறவும் போவேன். நீங்கள் பேசுகிற நூல்களில் நான் முழுதாகப் படித்தது ஜீவகாருண்ய ஒழுக்கம் மட்டுமே.

அதில் பசி வந்தால் உடம்புக்கு என்னாகும் என்று ஒரு பகுதி வரும். கண் பஞ்சடைந்து குழிந்துபோகிறது, காது கும்மென்று செவிடுபடுகிறது, நா உலர்ந்து வறளுகிறது, கைகால் சோர்ந்து துவளுகின்றன, வயிறு பகீரென்று எரிகிறது என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போவார். முதல்முறை படித்தபோது, இவர் பட்டினி கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. 1866-ஐ ஒட்டிப் பஞ்சம் இருந்தது என்றும், அதற்கடுத்த ஆண்டுதான் சாலை தொடங்கியது என்றும் பின்னர் தெரிந்துகொண்டேன். பசித்தவரின் மனம் தடுமாறுகிறது, புத்தி கெடுகிறது, கடவுள் விளக்கம் மறைகிறது என்றும் அதே பகுதியில் சொல்கிறார். எனவே பசியை ஆற்றுவது அவருக்கு வெறும் புண்ணியக் கணக்காக இருந்திருக்காது. சாப்பாடு போட்டால்தான் அந்த ஆளுக்குள் விளக்கு திரும்ப எரியும் என்று எண்ணியிருக்கிறார். முன்பாதி, பின்பாதி என்று நீங்கள் பிரிப்பது இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை. ஞானசபையில் எரிவதும் சாலையில் எரிவதும் ஒன்றுதான் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது நாம் வீட்டில் பார்க்கிற அடுப்பு அன்று. இருபத்தோரடி நீளமென்று சொல்வார்கள், மேலே வரிசையாக அண்டாக்கள் ஏறும். 1867-இல் மூட்டிய நெருப்பு அணையவே இல்லை என்பது சாலையின் பெருமை. சமையல் இல்லாத நேரத்திலும் கட்டையைத் தள்ளிவிட்டுக் கங்கைக் காப்பாற்றுவார்கள். புகையில் கண் எரியும், பழகிவிட்டால் எரியாது. இலை போட்டு உட்காருகிறவர்களில் சாமியார்கள் உண்டு, பிள்ளைகள் கைவிட்ட கிழவிகள் உண்டு, நெய்வேலிக்கு வேலை தேடி வந்தவர்கள் உண்டு, மகிழுந்தில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. இரண்டாம்முறை சோறு கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். கேட்பதற்கு முன்னே வைத்துவிட வேண்டும் என்று எனக்கு முதலில் கற்றுத்தந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

செல்வாக்கு எங்கே என்று கேட்டீர்கள். என் தாத்தா இறந்தபோது எங்கள் வீட்டில் எரிக்கவில்லை, புதைத்தோம். 1871-இல் ஐயா வெளியிட்ட அறிவிப்பில், இறந்தவரை எரிக்க வேண்டாம், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம், கருமாதி, திதி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருக்கிறது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அறிவிப்பு தெரியும். பத்தாம் நாள் உறவுக்காரப் பெண்கள் கூடிவந்து தாலியைத் தொட்டபோது, அவர் இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு, 'எங்க ஐயா வாங்க வேணான்னு எழுதி வச்சிருக்காரு' என்றார். சித்தப்பா ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டி கடைசிவரை தாலியோடும் பூவோடும் இருந்தார். ஆறாம் திருமுறையில் ஒரு பாட்டுக்கூட அவருக்கு முழுதாகப் பாடத் தெரியாது.

தென்னாற்காட்டான்

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் என் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டா, கொள்கையா என்று நான் நூல்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். தாலியைப் பொத்திய கை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இருந்தாலும் ஒன்றை விடமாட்டேன். நிறுவனங்களாகவும் அரசியலாகவும் வந்தவர்கள் அவரவர்க்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெரியார் தரப்பில் அவருடைய சாதி மறுப்புப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதில் சோதி வழிபாட்டுக்கு இடமில்லை. கிருபானந்த வாரியார் ஞானசபைத் திருப்பணிக்கு உழைத்தார்; அவர் வள்ளலாரை முருகனடியாராகவே கண்டார். முதலமைச்சராக இருந்து விலகிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் வடலூரிலேயே வந்து தங்கிப் பள்ளியும் இல்லங்களும் தொடங்கினார். இவர்களில் அவர்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவர் என்பது என் கருத்து. பதவியில் இருந்தவர்களுக்கு அடுப்பு புரிவது அரிது.

பழம்பதிப்பு

ஞானசபைக்குள்ளேயே பிற்காலத்தில் சிவலிங்க வழிபாடும் அருச்சனையும் புகுந்து, அது வழக்காகி, வள்ளலார் வகுத்த முறைக்கு அவை மாறானவை என்று 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேருபதேசத்தில் அவர் விட்டுவிட்டேன் என்று சொன்னது, அவர் கட்டிய சபைக்குள்ளேயே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே அனுப்ப நூறாண்டுக்கு மேலாகி, ஒரு நீதிபதியும் தேவைப்பட்டார்.

ஏழுகிணறு

இதில் நான் பழம்பதிப்போடு உடன்படுகிறேன். தொடர்ச்சி உண்டு என்று வாதிட்டவன் என்றாலும், அவர் எழுதிவைத்த விதிக்கு மாறாக அவர் கட்டிய இடத்தில் நடப்பது தொடர்ச்சி ஆகாது.

நல்லூர்வாசி

பன்னாட்டு மையம் கட்டும் பேச்சும், அதற்கு எதிர்ப்பும் பற்றிச் செய்தியில் பார்த்தோம். அது என்ன முறைப்பாடு?

சாலைப்பணி

ஞானசபையைச் சுற்றியுள்ள வெறும் நிலத்தைப் பெருவெளி என்போம். 1867-இல் பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி அளவுக்கு எழுதிக்கொடுத்த நிலம் அது. தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஆறு வேளை சோதி காட்டும்போது, அந்த வெளி முழுவதும் மனிதத் தலைகளாக இருக்கும். 2024-இல் அங்கே கட்டடம் எழுப்பப் பள்ளம் தோண்டியதும், நிலம் கொடுத்தவர்களின் வழிவந்த பார்வதிபுரத்தார் பள்ளத்தில் இறங்கி நின்றார்கள், வழக்கும் போட்டார்கள். மையம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வெளியில் வேண்டாம், வேறிடத்தில் கட்டுங்கள் என்றார்கள். கட்டடம் வந்தால் வெளியூர் அன்பர்களுக்கு வசதிதான் என்று சொல்கிறவர்களும் எங்கள் ஊரிலேயே உண்டு. எனக்கு வெளி வெளியாகவே இருக்க வேண்டும். மழை பெய்தால் ஒதுங்க இடமில்லை என்பது உண்மைதான். நனைந்துகொண்டே நின்று பார்த்திருக்கிறோம்.

நல்லூர்வாசி

வருகிற தைப்பூசத்துக்கு வர எண்ணியிருக்கிறேன், அம்மா. கூட்டத்தில் சாலைக்குள் போய்ச் சாப்பிட இயலுமா? யாரிடமாவது முன்கூட்டிச் சொல்லிவைக்க வேணுமா?

சாலைப்பணி

யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. கடலூரிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ பேருந்தும் உண்டு, இரயிலும் உண்டு. பூசத்தன்று கூட்டம் மிகுதி. முதல்நாளே வந்துவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனமும் பார்த்துவிட்டுப் போகலாம். நடுப்பகலில் வரிசை நீளமாக இருக்கும். காலை வேளையில் சற்றுக் குறையும். கையில் ஒரு சொம்பு கொண்டுவாருங்கள். வெண்டைக்காய் நறுக்கத் தெரியுமானால் உள்ளே அடுப்புப் பக்கம் வந்துவிடுங்கள், அங்கே எப்போதும் ஆள் பற்றாது.